சட்டைப் பையில் ஒரு நோட்டு

"பத்து ரூபாய்க்குக் கால் ரூபாய் கழிவா? ஏழைங்க வயித்துல அடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா, மஹ்மூத் நானா?"

கம்பளை ஸ்டேசன் என்றும் பாராமல் கத்தினார் கிளாக்கர் சுவக்கின்.

தேயிலை விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது. தன் தோட்டத்து ஆட்களை வண்டி ஏற்றிவிட வந்திருந்தார் அவர்.

இலங்கை நோட்டு அக்கரையில் செல்லாது. அதை வாங்கிக்கொண்டு இந்தியப் பணம் கொடுப்பவர், ஸ்டேசனுக்கு எதிரே புடைவைக்கடை வைத்திருக்கும் மஹ்மூத்.

அவர் பேச்சியம்மா நீட்டிய பத்து ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு, கழிவு போக இந்தியப் பணத்தை அவள் கையில் வைத்தார்.

புருசனைத் தோட்டத்து மண்ணில் புதைத்துவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்புகிறவள் அவள்.

"இந்த ஆளுகிட்ட மாத்தாதே பேச்சியம்மா!"

"ஆடு வித்த காசுங்க ஐயா. அங்க இறங்கினதும் புள்ளைங்களுக்குச் சோறு வாங்கணும்ல?"

முந்தானையில் முடிந்துகொண்டு வண்டி ஏறிவிட்டாள்.

சுவக்கினுக்குப் பொறுக்கவில்லை. வாசலில் நின்ற பொலிஸ்காரரைக் கூட்டி வந்தார்.

"ராளஹாமி, இந்த ஆளை விசாரிங்க."

"ரெண்டு பேரும் சம்மதிச்சுக் காசு மாத்தினா குத்தமில்ல, கிளாக்கர் ஐயா."

"கள்ள நோட்டா இருந்தா?"

"அப்ப ஜெயில்தான்."

பொலிஸ்காரர் மஹ்மூதைச் சோதித்தார். பணப்பையில் இருந்ததெல்லாம் நல்ல நோட்டு. சட்டைப் பையில் மட்டும் தனியாக ஒரு பத்து ரூபாய் மடித்துக் கிடந்தது. பொலிஸ்காரர் எச்சில் தொட்டுத் தேய்த்தார். விரலில் சாயம் ஒட்டியது.

"யாரு குடுத்தது?"

மஹ்மூத் வண்டிப் பக்கம் பார்த்தார். இன்னும் புறப்படவில்லை.

"என்னோடதுதான்."

"கள்ள நோட்டுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பாத்தீங்களா!" என்றார் சுவக்கின்.

வண்டி ஊதிக்கொண்டு நகர்ந்தது. பொலிஸ்காரர் ஸ்டேசன் மாஸ்டரைச் சாட்சிக்குக் கூப்பிட உள்ளே போனார்.

"இது மாதிரி கள்ளக் காசைத்தான் அந்த அநாதைப் பொம்பளகிட்டயும் குடுத்தியா?"

மஹ்மூத் மெல்லச் சொன்னார்: "அவ தந்ததுதான் இது. ஆட்டை வாங்கின எவனோ ஏமாத்திட்டான். அவளுக்குத் தெரியாது."

சுவக்கின் வண்டி போன திசையைத் திரும்பிப் பார்த்தார்.

"தெரிஞ்சுமா... நல்ல காசு குடுத்தீங்க?"

"வேற என்ன காசு ஈக்கி அவகிட்ட?"

"இருங்க, ராளஹாமிகிட்ட நானே போய்ச் சொல்றேன்!"

திரும்பி ஓடப்போனவரின் கையை மஹ்மூத் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப வாணா ஐயா. அவளைப் பிடிக்கச் சொல்லித் தலைமன்னாருக்குத் தந்தி பறந்துரும். அந்தப் புள்ள கப்பல் ஏறட்டும்."