கரையேறாத மீன்

பெயரில்லாத அந்த மலை ஏரியில் கை நீளத்துக்கு ட்ரவுட் மீன் பிடித்ததாக என் அப்பா சொன்னார். பிடித்த மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமல், அப்படியே விட்டுவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் மீன்பிடி சங்கத்தில் சாகும்வரை அவருக்குப் பொய்யர் என்றே பெயர்.

இன்று சங்கச் செயலாளர் தாமோதரன் அளக்கும் டேப்போடு அதே ஏரியின் கரையில் நின்றார். நான் இடுப்பளவு நீரில் நின்றேன். தூண்டிலில் காட்டுக்கோழி இறகால் நான் கட்டிய பொய் ஈயைக் கவ்விய மீன், நீருக்குள் என் இரு கைகளிலும் கிடந்தது. அதன் வால் என் முழங்கையைத் தாண்டி அசைந்தது.

“கரைக்குக் கொண்டாங்கம்மா. அளந்துட்டு நானே விட்டுடறேன்.”

“எங்க மீன் கரையேறாது. நீங்க இறங்குங்க.”

“இந்தக் குளிர்லயா? எனக்கு எழுபது வயசு!”

“எனக்கு எழுபத்திரண்டு.”

கால்கள் மரத்துவிட்டன. கையைத் தளர்த்தினால் அப்பா மறுபடி பொய்யர். மீனைத் தூக்கினால் நான் அவர் மகள் இல்லை. முதுகை நிமிர்த்தி நின்றேன். தாமோதரன் குனிந்து ஷூ லேஸில் கைவைத்தார். அவிழ்க்கிறாரா, இறுக்குகிறாரா என்று தெரியவில்லை.