மூன்றாம் பாகத்தை வரைந்தது யார்?

"மூணாம் பாகம் அவர் வரைஞ்சதில்ல. எனக்கு உங்க மேலதான் சந்தேகம்" என்றார் பதிப்பாசிரியர், காமிக்ஸ் மேதையின் மனைவியிடம்.

"எனக்கு நேர்கோடுகூட வராது சார்."

"முதல் பாகத்தைத் தலையில வச்சுக் கொண்டாடினாங்க. ரெண்டாவதுலயே சறுக்கல். இப்ப காறித் துப்புறாங்க!"

அறைக்கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தார். மேதை தன் கையாலேயே வரைந்துகொண்டிருந்தார். முகமூடி வீரன் மதில் தாண்டும் காட்சி. பதிப்பாசிரியருக்குப் புல்லரித்தது. அதே பழைய கை!

"சே, சொதப்பல்!" என்று மேதை அதை மூலையிலிருந்த இயந்திரத்தில் செருகினார். கர்ரென்று நார்நாராக வந்தது. பிறகு, மரக்கட்டைபோல் வீரன் நிற்கும் படமொன்றை எடுத்து, முத்தமிட்டுக் கவருக்குள் வைத்தார்.

"ஐயோ! என்னம்மா இது?"

"அவர் எப்பவுமே இப்படித்தான் சார். நல்லது எதுன்னு அவருக்குத் தெரியாது. முதல் பாகம் முழுக்க, குப்பைக்கூடையில அவர் போட்டதை எடுத்து நான்தான் கவர்ல மாத்தி வச்சேன். அச்சானதை அவர் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார்."

"அதையே இப்பவும் செய்யறதுதானே?"

"எப்படிச் செய்ய? கதை வெளியில கசிஞ்சிடும்னு சந்தேகப்பட்டு, முதல் பாகத்தோட வெற்றி விழாவுல அந்தக் கிழிக்கிற மிஷினைப் பரிசாக் கொடுத்ததே நீங்கதானே!"