புல்வெளியில் இறங்கியவள்

ரோன் மலையடிவாரத்தில், வெண்டலினின் புல்வெளியில் அந்தக் கிளைடர் விமானம் மறுபடியும் வந்து இறங்கியது.

"மறுபடியும் என் புல் நாசம்! உங்களுக்கு ஒழுங்கா ஓட்டவே தெரியாதா?" என்று டிராக்டரிலிருந்து கத்தினான்.

"எஞ்சின் இல்லாத விமானம். காத்து விட்டுடுச்சுன்னா நான் என்ன செய்ய?" உர்சுலா சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

முணுமுணுத்தபடியே அவளுக்குக் காபி கொடுத்தான். மனைவி இறந்த பிறகு, அவனோடு உட்கார்ந்து காபி குடிப்பவள் இவள் ஒருத்திதான்.

கிளைடரை ஏற்றிப்போக, கிளப்பிலிருந்து டெட்லெஃப் டிரெய்லரோடு வந்தார்.

"என்ன உர்சுலா, இன்னிக்குக் காத்து அப்படித் தூக்குது! கத்துக்கிறவங்களே இன்னும் மேலதான் சுத்துறாங்க. அவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற நீங்க எப்படிக் கீழ வந்தீங்க?"

வெண்டலின் திகைத்து அவளைப் பார்த்தான். உர்சுலா தலைகுனியவில்லை.

"இறங்கணும்னு தோணிச்சு, இறங்கிட்டேன்."

வெண்டலினின் காது சிவந்தது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கார்லயே வா. புல்லாவது மிஞ்சும்" என்றான்.