செவலையும் தவிட்டு பிஸ்கட்டும்

செவலைப் பசுவின் தொட்டியில் இப்போதெல்லாம் வெறும் கழுநீர்தான். ரைஸ் மில் தவிடு மொத்தமும் பிஸ்கட் கம்பெனிக்குப் போய்விடுகிறது. செவலைக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஒரு காலையில் வீட்டுக்காரர் மாயழகு தொட்டி விளிம்பில் டீயோடு உட்கார்ந்து பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார். செவலைக்குப் பழகிய வாசனை அடித்தது.

“தவிடு, நீயா? ஆளே மாறிட்டியே,” என்றது செவலை.

“நானேதான். சர்க்கரைக்கு நல்லதுன்னு டாக்டரே எழுதித் தர்றார்.”

“நல்லா இருக்கியா?”

“இவர் எண்ணி ரெண்டுதான் தின்பார், அதுவும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு. நீ தொட்டியோட அடியை நக்குற சத்தம் இன்னும் காதுலயே இருக்கு.”

மாயழகு டீயில் முக்கியபோது பிஸ்கட் வேண்டுமென்றே கூடுதலாக ஊறியது. தூக்கியதும் பாதி உடைந்து கழுநீரில் விழுந்தது.

செவலை அடிவரை நக்கியது. மாயழகு கையில் மிஞ்சிய பாதி, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது.