சுடுது

“சுடுதா மாப்ளே?”

“லேசா சுடுது மச்சான்.”

வலது முழங்காலில் வழிந்த மூலிகை எண்ணெயைத் தேய்த்தபடியே மச்சான், வந்திருந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். ‘எப்படி?’ என்றது பார்வை.

பெயின்ட் அடிக்கையில் சாரம் சரிந்து முதுகுத்தண்டு நொறுங்கிய நாளிலிருந்து பெயின்டர் மாப்பிள்ளைக்கு இடுப்புக்குக் கீழே சொந்தமில்லை. ஊசியால் குத்தினாலும் ஊரான் கால்தான். வேலை போச்சு, வாடகை வீடு போச்சு. இப்போது மனைவியின் அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு கட்டில்.

சும்மா இல்லை. எண்ணெய் காய்ச்சி விற்கும் மச்சானுக்கு அவன்தான் நடமாடாத விளம்பரம். கால் சுடுகிற வரைக்கும் சோறும் சூடாக வரும்.

கால் எங்கே சுட்டது? அவன் கவனமெல்லாம் கிண்ணத்தின் மேல். எண்ணெயை ஊற்றியதும் மச்சான் பித்தளைக் கிண்ணத்தைத் தரையில் வைப்பார். ‘ணங்.’ உடனே இவன், ‘சுடுது.’ கண்ணைக் கட்டினாலும் பிசகாது.

இது மச்சானுக்குத் தெரியாது; உள்ளே வேர் இடித்துக்கொண்டிருக்கும் மனைவிக்குக்கூடத் தெரியாது. அவள் நம்பித்தான் இடிக்கிறாள்.

வந்த அம்மாள் லேசில் விடுகிற ரகமில்லை. பைக்கிலிருந்து விழுந்து, இதே போலப் படுத்துவிட்ட இளைய மகனுக்காக வந்தவள்.

“இடது கால்ல நானே ஊத்திப் பாக்கட்டுமா? தம்பி முகத்தைத் துண்டால மூடிக்கட்டும்.”

“தாராளமா! கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?” வியாபாரம் படிந்த தெம்பில், மச்சான் பாட்டில் எடுக்க உள்ளே போனார்.

துண்டுக்குள் இருட்டு. பெயின்டர் காதைத் தீட்டிக்கொண்டான்.

ணங்.

“ஆ... சுடுதும்மா. இந்தத் தடவை நல்லாவே சுடுது.”



அம்மாள் துண்டை விலக்கினாள். கிண்ணம் தரையில் இருந்தது, எண்ணெய் குறையாமல். இடது காலில் சொட்டு ஈரமில்லை.

 தொலைந்தது. கத்தப் போகிறாள். கட்டில் தெருவுக்கு வரப் போகிறது.

அவள் கத்தவில்லை. சட்டென்று கிண்ணத்தை எடுத்து அந்தக் காலில் எண்ணெயைக் கவிழ்த்தாள். அவசரமாகத் தேய்த்தாள்.

மச்சான் பாட்டிலோடு வந்தார். “என்னம்மா, திருப்தியா?”

“நல்லா சுடுதாமே. இன்னொண்ணும் குடுங்க.”

அவர் மறுபடி உள்ளே போனதும் கட்டிலோரம் குனிந்தாள்.

“மூத்தவனும் மருமகளும் இளையவனை ஏதோ விடுதியில தள்ளிடப் பாக்குறாங்க. கொஞ்சமாவது உணர்ச்சி திரும்புதுன்னா வீட்டுல வச்சுக்குவாங்களாம். அந்த மடையனுக்குப் பொய் சொல்ல வரல.” குரல் இன்னும் இறங்கியது. “எப்படித் தம்பி, இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?”

பெயின்டர் கிண்ணத்தைப் பார்த்தான்.

“பித்தளையா வாங்குங்கம்மா,” என்றான்.