பன்னிரண்டாம் அறையின் விரிப்பு

மூன்றாவது முடிச்சையும் இழுத்து இறுக்கினாள்.

பன்னிரண்டாம் அறையின் பால்கனிக் கம்பியிலிருந்து கட்டில் விரிப்பு தொங்கியது. இரண்டு ஆள் உயரம். அப்பழுக்கில்லாத வெள்ளை. காலையில் அவளே இஸ்திரி போட்டது.

காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. அவளா விடுவாள்? விருந்தினருக்கு வைத்த தண்ணீர்ப் போத்தல்களைக் கீழ் மூலைகளில் முடிந்து பாரம் கட்டியிருந்தாள்.

கடலோர மலை விளிம்பில் நிற்கிறது அவள் அறை துப்புரவாக்கும் ஹோட்டல். விரிப்பின் நுனிக்கு நேர் கீழே அந்தப் பாறை.

ஒவ்வொரு வருடமும் மாரி ஓய்ந்ததும் கரைப் பெண்கள் கூடி அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். கடலிலிருந்து வருகிறவன் அந்த வெள்ளையையும் பின்னால் தெரியும் மாதா கோயில் சிலுவையையும் ஒரே நேர்கோட்டில் பிடிக்க வேண்டும். பிடித்தால், தண்ணீருக்குள் மறைந்திருக்கும் முருகைக் கற்களுக்கு நடுவே ஆறு பாகம், ஆறு ஆள் கை விரித்த அகலத்தில் வழி.

தவறினால் கல்.

நேற்று ஹோட்டல்காரர்கள் அந்தப் பாறைக்குப் பழுப்பு வர்ணம் அடித்துவிட்டார்கள். நீச்சல் குளத்தில் நின்று படம் பிடிப்பவர்களுக்கு வெள்ளை கண்ணை உறுத்துகிறதாம். இனிக் கடலின் நீலமும் கூடுதல் என்பார்கள்.

அவள் புருஷன் அருளப்பு கடலுக்குப் போனது முந்தாநாள்.

அவனுக்கு இது தெரியாது.

போனும் எடுக்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மாலை நான்கு மணிக்கே வெளிச்சம் வற்றிவிட்டது. கற்களுக்கு வெளியே அவனுடைய வள்ளம் வடக்கே போனது, திரும்பித் தெற்கே வந்தது.

தேடுகிறான்.

  நான்காவது முடிச்சைப் போட்டாள்.

கதவு திறந்தது. மேனேஜர்.

"ஆரைக் கேட்டு உதைக் கட்டினனீர்? அஞ்சு மணிக்கு கெஸ்ட் வருகினம். அவிழும்!"



அவரே குனிந்து இழுத்தார். அது வலைக்காரர் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும். பாவம், அவரும் பலங்கொண்ட மட்டும் இழுத்தார். பிறகு கத்தரிக்கோல் கொண்டுவரச் சொல்லிப் போனில் கத்தினார்.

அந்த நேரம் போதுமாக இருந்தது.

வள்ளத்தின் மூக்கு மெல்லத் திரும்பியது.

விரிப்புக்கு நேரே.

இரு பக்கமும் நுரை வெடித்தது. நடுவில் வள்ளம் ஒருமுறை மறைந்தது. பிறகு கற்களுக்கு உள்ளே, அமைதியான தண்ணீரில் தெரிந்தது.

அவள் அழுதாள். கண்ணைத் துடைக்கவில்லை.

கத்தரிக்கோல் வந்தது. விரிப்பு அறுந்து, பழுப்புப் பாறைமேல் சுருண்டு விழுந்தது.

மேனேஜர் கையை நீட்டினார். அறைகளைத் திறக்கும் அட்டையைக் கேட்கிறார். வேலை போயிற்று என்று அர்த்தம்.

அவள் கடலை ஒருமுறை பார்த்தாள்.

"பிறகு தாறன் சேர். இன்னும் ரெண்டு வள்ளம் வரக் கிடக்கு."

அவரைத் தாண்டி நடந்தாள். மாடிப்படி ஏறினாள். இருபத்திரண்டாம் அறை, பன்னிரண்டுக்கு நேர் மேலே இருக்கிறது.

அங்கும் விரிப்பு வெள்ளைதான்.