கடலடி ஏற்றம்

"டர்போதான் போயிருக்கும்னு நான் அப்பவே..."

"டர்போவை விடு, எய்விண்ட். பக்கத்து சீட்ல யாரு?" என்று குறுக்கிட்டாள் அவன் மனைவி தூரிட்.

பட்டறைக்காரர் ஸ்டைனார் தலை நிமிரவில்லை. குழாயில் கசிவில்லை, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டும் டர்போவும் சரியாகவே சுற்றியது. ஆனால் அவர் காரில் சோதனைக் கருவியைச் செருகிப் பார்த்ததில், கடலடிச் சுரங்கச் சாலையின் ஏற்றத்தில் கார் வலுவிழந்த ஐந்து முறையும் பக்கத்து இருக்கையில் ஆள் உட்கார்ந்திருந்ததாகப் பதிவாகியிருந்தது.

"தனியாத்தான் போனேன், தூரிட்."

"ஆமா, காருக்குத்தான் பொய் சொல்லத் தெரியும் பாரு."

கணவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு அவளே தனியாக அந்தச் சுரங்கத்துக்கு ஓட்டிப் போனாள். இறக்கத்தில் கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. அடிமட்டம் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், எவ்வளவு மிதித்தும் இழுக்கவில்லை, வேகம் எண்பதிலிருந்து நாற்பதாயிற்று. பின்னால் வந்த லாரி விளக்கடித்தது. பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது. பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது. பெல்ட் தானாகவே சொடுக்கி மாட்டிக்கொண்டதும் மணி நின்றது.

தூரிட் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அந்த ஆளில்லாத இருக்கையிடம் கேட்டாள்.

"இருபது வருஷமா எங்கிட்ட வாயே திறக்காத என் புருஷன், உங்கிட்ட மட்டும் என்னதான் பேசிட்டு வர்றான்?"